வெயிட் தூக்குனா ஹைட் நின்னுடுமா?

வாலிபால் ஆடுற பசங்கள கொஞ்சம் வெயிட் தூக்க வைங்கன்னு சொன்னாலே வீட்ல கேக்குற முதல் கேள்வி இதுதான். நிக்காதுங்க. பக்கத்துல தெரிஞ்ச ஆள் நின்னு சரியா சொல்லிக்கொடுத்தா வளர்ச்சி பாதிக்கும்ங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னு அமெரிக்கால ஸ்ட்ரெங்த் கோச்சுங்களோட சங்கம், என்.எஸ்.சி.ஏ., 2009லயே எழுதிட்டாங்க. ஆள் இல்லாம தாங்காத வெயிட்ட தப்பு தப்பா தூக்குறதுதான் ஆபத்து.

ஆனா இதே அப்பாமாருங்க, கோச் "இன்னும் அம்பது தவளை ஜம்ப் போடுடா"ன்னா வாயே தொறக்க மாட்டாங்க! ஸ்மாஷ் அடிச்சிட்டு கீழ இறங்கும்போது உடம்பு எடைய விட பல மடங்கு லோடு கால்ல வந்து விழுது, அதுவும் சிமென்ட் கோர்ட்டுன்னா கேக்கவே வேணாம். பொண்ணுங்க 12 வயசு வாக்குல, பசங்க 14 வாக்குல சட்டுனு வளருவாங்க, அந்த நேரத்துல ஜம்ப் மேல ஜம்ப் போட வச்சா முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சு வலிக்க ஆரம்பிக்கும், நாம அத "வளர்ற வலி"ன்னு சொல்லி தைலம் தடவிட்டு மறுபடி கிரவுண்டுக்கு அனுப்பிடுவோம்.

நான் சொல்றது, மொதல்ல பலம், அப்புறம் ஜம்ப். தரைய எவ்ளோ வேகமா, எவ்ளோ பலமா தள்றோமோ அவ்ளோதான் மேல போவோம். ஆரம்பத்துல பார்பெல்லே வேணாம், பஸ்கி, தண்டால், ஒத்தக்கால்ல உக்காந்து எந்திரிக்கிறது, முழங்கைய ஊனி உடம்ப நேரா புடிச்சு நிக்கிற பிளாங்க் போதும். கூடவே இறங்கப் பழக்கணும், சின்ன பெஞ்சுல இருந்து குதிச்சு சத்தம் வராம, முட்டி உள்பக்கம் மடங்காம இறங்கணும். பொண்ணுங்களுக்கு இது ரொம்ப முக்கியம், முட்டி அப்படி மடங்கித்தான் நெறைய பேருக்கு முட்டிக்குள்ள எலும்புங்கள இழுத்துப் புடிக்கிற ஏ.சி.எல். நாரு கிழிஞ்சு போகுது.

அது சுத்தமா வந்தப்புறம் டம்பெல்ல நெஞ்சோட புடிச்சு ஸ்குவாட், அதாவது வெயிட்டோட பஸ்கி. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு 2 இல்லாட்டி 3 நாள், 6ல இருந்து 15 தடவை, அதிகபட்சம் 3 செட். ஈஸியா வருதுன்னா வெயிட்ட 5லருந்து 10 சதவீதம் ஏத்தலாம், அதுக்கு மேல ஆசப்படக் கூடாது. சின்னப் பசங்களுக்கு மசில் பெருசாகாம நரம்பு வேலை செய்யறதுலதான் பலம் கூடும், அதனால கண்ணாடி முன்னாடி ஆர்ம்ஸ் தேடாதீங்க தம்பிகளா.

அடிக்கிற தோளையும் மறந்துடுறாங்க. மல்லாக்கப் படுத்து வெயிட்ட மேல தள்ற பெஞ்ச் பிரஸ் மட்டும் போட்டுட்டு தோளுக்குப் பின்னாடி இருக்கற சின்ன தசைகள விட்டா சீக்கிரமே கை தூக்க முடியாம உக்காருவான். ஒரு ரப்பர் பேண்ட ஜன்னல் கம்பில கட்டி, முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சு வெளிப்பக்கம் இழுக்கச் சொல்லுங்க. டோர்னமென்ட் இருக்கற வாரம் கால் வெயிட்ட கொறச்சிடுங்க, நைட் மேட்ச்ல விடிய விடிய ஆடப்போறவன முந்தின நாளே ஸ்குவாட் போட்டு கொல்லாதீங்க.