அங்கணத்துத் தண்ணீர்

ஜூன் 4

காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து எட்டு மணி வரை நான்கு வரி. 2023 டிசம்பர் வெள்ளத்தை வைத்து ஒரு சிறுகதை, மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆற்றோரத் தெருவில் ஒரு பழைய வீடு, உள்ளே தனியாக ஒரு வயசாளி, ராத்திரி தண்ணீர் ஏறுகிறது, அவ்வளவுதான் கதை. வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் தண்ணீர் நுழைந்தது என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் அந்த அம்மா எழுந்து எந்தப் பக்கம் போவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை வீட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், சின்ன வயதில் நான் ஓடி விளையாடிய வீடு அது, அப்படியும் தெரியவில்லை.

ஜூன் 7

எழுதவில்லை, படித்தேன். அத்தை வீட்டில் போட்டு வைத்திருந்த புத்தகங்களில் வெள்ளத்துக்குத் தப்பியவை முப்பதுக்குள்தான். வெயில் வந்த பிறகு தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காய வைத்தவள் அவள்தான். அதில் ஒன்று எழுத்தாளர் கி. ராஜநாராயணன், நம்ம கி.ரா., தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி. அட்டை அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது, பக்கத்தைப் புரட்டினால் இன்றைக்கும் விரலில் பொடி வண்டல் ஒட்டுகிறது. மற்ற அகராதிகளில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன், இதை மட்டும் உட்கார்ந்து படிப்பேன். மத்தியானம் முழுக்க இதிலேயே போயிற்று.

ஜூன் 11

கோவில்பட்டிக்குப் பஸ். கயத்தாறு தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன், இடைசெவல் வருமே. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், இரண்டு பேரும் 1923இல் பிறந்தவர்கள். அழகிரிசாமிக்கு 1970இல் சாகித்ய அகாதமி விருது, அவர் இறந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991இல். அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த பேச்சை எழுத்துக்குக் கொண்டுவரலாம் என்ற தைரியம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வந்ததே இவர்களைப் படித்துத்தான். எனக்கும் அப்படித்தான்.

ஆனால் வட்டார வழக்கு என்றாலே உரையாடலில் நாலு ‘ஏலே’ தூவினால் போதும் என்று இப்போது ஆகிவிட்டது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பேசுகிறவன் வாயில் ஊர் இருந்து, கதை சொல்கிறவன் வாக்கியத்தில் ஊர் இல்லாமல் போனால் அந்த வீட்டுக்குள் யாரும் குடியிருக்க முடியாது. பஸ்ஸில் இதை யோசிக்கும்போதுதான் உறைத்தது, நானும் ‘ஹால்’ என்றுதானே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 12

ஹாலை எடுத்துவிட்டு எங்கள் வீட்டுச் சொற்களைப் போட்டேன். தெருப்பக்கம் தார்சா, ஹாலுக்குப் பட்டாசல், சாமான் வைக்கும் உள்ளறைக்கு அரங்கு, அடுக்களை, மேலே மச்சு. எழுதிக்கொண்டு வரும்போதே அந்த அம்மா பட்டாசலில் பாயைச் சுருட்டினாள், அரங்குக்குள் போய் அரிசிச் சம்படத்தைத் தூக்கினாள், மச்சு ஏணியில் கால் வைத்தாள். மூன்று பக்கம், ஒரே மூச்சில். கை வலிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 15

சாயங்காலம் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண் சரியில்லாததால் அவளே படிக்க முடியாது, ஆனால் காது கூர்மை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முதல் பத்தியிலேயே நிறுத்தினாள்.

“முன்வாசல் வழியா எங்கய்யா வந்துச்சு? அங்கணத்துலல்லா மொதல்ல குபுகுபுன்னு பொங்குச்சு. நம்ம ஊத்துன தண்ணிதான் திரும்பி வருதோன்னு நெனச்சேன். பெறகு தார்சாவுல வந்து எட்டிப் பாத்தா, தெருவுல ஆறு நிக்கு.”

பாத்திரம் கழுவும் அந்தச் சின்னக் குழியை நான் கதைக்குள் கொண்டுவரவே இல்லை. வீட்டின் எல்லா அறைக்கும் பேர் வைத்துவிட்டேன், அங்கணத்தை விட்டுவிட்டேன், அதனால் தண்ணீரையும் சினிமாவில் வருகிற மாதிரி வாசல் வழியாக வரவழைத்திருக்கிறேன். ஆறு பெருகி வாறுகால், அதாவது சாக்கடை, எதுக்களித்தால் தண்ணீர் பின்கட்டுக் குழி வழியாகத்தான் மேலே வரும். எச்சில் தட்டு மிதந்ததாம், அடுக்களையில் முதலில் மிதந்தது அதுதானாம்.

மீதிக் கதையை அவள் கேட்கவில்லை. நானும் படிக்கவில்லை. வேறு என்னவெல்லாம் மிதந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன், இருட்டும் வரை.

ஜூன் 16

முதல் பத்தியை அடித்துவிட்டேன். புதிய முதல் வரி: ‘அங்கணத்தில் யாரோ தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு அவள் விழித்தாள்.’