பூண்டியில் ஒரு மகிழ்ச்சி ஞாயிறு

தஞ்சாவூர் மாவட்டத்துப் பூண்டி மாதா பேராலயத்துக்குப் பெருங்கூட்டம் சேர்வது மே மாத ஆண்டுப் பெருவிழாவுக்கும் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் விழாவுக்கும்தான். நான் போனது, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, 2025 டிசம்பர் 14. கொடியும் இல்லை, தேரும் இல்லை. திருக்காட்டுப்பள்ளி தாண்டியதும் இருபுறமும் சம்பா வயல். இந்தக் காலத்தில் டெல்டாவுக்குப் போகிறவர்கள் ஜன்னலோர இருக்கை பிடிப்பது நல்லது.

வீரமாமுனிவர் காலடி பட்ட ஊர் இது. மரியாவைப் பற்றிப் பாடாத கவிஞர் உண்டா? அவரோ மரியாவின் கணவர் சூசையப்பரைத் தலைவனாக வைத்து ‘தேம்பாவணி’ என்று ஒரு காப்பியமே எழுதினார். நற்செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காத்திருக்கும் மனிதர் சூசையப்பர். திருவருகைக் காலத்தில் பூண்டிக்கு வரும்போது எனக்கு அவர் நினைவுதான் முதலில் வரும்.

திருவருகைக் காலப் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. பீடத்தில் பூவும் குறைவு, திருவுடை ஊதா. இந்த ஒரு ஞாயிறு மட்டும் ரோஜா நிறம். வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றும் திருவருகைக் கால வளையத்தில் இரண்டு ஊதா மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் ரோஜா நிற மெழுகுவர்த்தியும் எரிந்தது. இந்த வளைய வழக்கத்தின் தொடக்கம் ஜெர்மனியில். ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றி நாளை எண்ண வைத்தாராம்.

மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். ஆனால் அன்றைய நற்செய்தி நடப்பது சிறையில். உள்ளே கிடக்கும் திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கணுமா என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறார். யோர்தான் கரையில் அவரைக் கைகாட்டியவரே இப்படிக் கேட்கிறார்! சந்தேகமும் காத்திருப்பின் ஒரு பகுதிதான் என்று திருச்சபை ஒத்துக்கொள்வதுபோல் எனக்குத் தோன்றும். இதைக் கேட்டபின் வரும் மகிழ்ச்சிக்குத்தான் எடை இருக்கிறது. எல்லாம் நல்லபடி முடிந்தபின் மகிழ யாருக்கும் சொல்லித்தர வேண்டாமே.

இரண்டாம் வாசகம் யாக்கோபு திருமுகம். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாகக் காத்திருக்கும் உழவனைப் பாருங்கள் என்கிறார். பூசை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரும் உழவர்தான்.

“பயிர் எப்படிங்கய்யா இருக்கு?”

“கதிர் வந்திருக்கு தம்பி, பால் பிடிக்கணும். யாக்கோபு பின்மாரி கேக்குறாரு. நமக்கு இனிமே பெருமழை வந்தா சாஞ்சுபோயிடும். மாதாகிட்ட மழை போதும்மான்னு சொல்லிட்டு வந்தேன்” என்று சிரித்தார்.

பாலஸ்தீனத்தில் பின்மாரி வசந்தத்தில் பெய்து கதிரை முற்றவைக்கும் மழை. காவிரிக்கரையில் வானம் வெளுக்கக் காத்திருக்க வேண்டும். அறுவடை தைக்கு மேல்தான், அதுவரை வரப்பில் நடந்து பார்ப்பதுதான் வேலை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

அப்புறம் கடைத்தெரு. குடில் பொம்மைகள் பரப்பியிருந்தார்கள். ஒரு சிறுவன் குழந்தை இயேசுவைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் குடிலில் வைக்கணும் என்று அடம்பிடித்தான். பாட்டி மசியவில்லை. “இருபத்திநாலு ராத்திரிதான் வைக்கணும். அதுவரைக்கும் கேழ்வரகு விதைச்சுத் தண்ணி ஊத்து, பச்சைப்பசேல்னு முளைக்கட்டும்.”

பையன் கொஞ்சம் யோசித்தான். “சரி, ஒட்டகத்தையாவது இன்னிக்கே வைக்கலாமா?”

ஒட்டகத்துக்கு அனுமதி கிடைத்தது.