அலுமாரிக்குள் சித்திரை வெயில்

ஏப்ரல் 2

ஹோலில் கட்டில் போட்டாச்சு. இரவு முழுக்க மெல்லிசாகப் பாட்டு ஓட வேணும். ரிவி அலுமாரிக் கதவு சாத்தியே இருக்க வேணும். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது.

அறை 31 டிகிரி. கதவு சாத்தி இரண்டு மணித்தியாலத்தில், பாட்டு ஓடும் அம்பிளிபயர் பெட்டியான ரிசீவருக்கு மேலே 46. சூட்டை வெளியே தள்ள, சத்தமில்லாத ஃபான் பூட்ட வேணும்.

ஏப்ரல் 3

மீட்டர் பிளக் போட்டுப் பார்த்தால் ரிசீவர் 52 வாட், செட்டப் பாக்ஸ் 11, ரூட்டர் 9. வொலியூமை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் ரிசீவரின் கணக்கு அசையவில்லை. ஏபி வகுப்பு அம்பிளிபயரில் பாட்டே இல்லாவிட்டாலும் ட்ரான்சிஸ்டர்களுக்குள் பயஸ் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஏழு சனல் என்றால் ஏழிலும். டெனான், மரான்ட்ஸ் மாதிரியான ரிசீவர்களில் மின்சாரத்தைக் குறைத்து எடுக்கும் ஈகோ மோட் இருக்கிறது. மெல்லிய சத்தத்துக்கு அதைப் போட்டுவிடலாம், சூடு கண்கூடாகக் குறையும்.

ரூட்டரை வெளியே எடுத்தாச்சு. அலுமாரிக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை. மிச்சம் 63 வாட்.

கணக்கு சுலபம்: வாட்டை 3ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏறலாம் என்று விடுகிறோமோ அதால் பிரித்தால், மணிக்கு எத்தனை கன மீற்றர் காற்று போக வேணும் என்று வரும். 63 வாட், 5 டிகிரி: சுமார் 38. ஃபான் பெட்டியில் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் அதை 1.7ஆல் பெருக்க வேணும்.

31 டிகிரி அறைக் காற்றை இழுத்து எந்த ஃபானும் அலுமாரியை 30 ஆக்காது. 36, 37 கிடைத்தால் வெற்றி.

ஏப்ரல் 4

கதவைத் திறந்துவிட்டால் 37. ஃபானே இல்லாமல். ஆனால் கதவு சாத்தத்தான் வேணும்.

ஏப்ரல் 6

புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு. சத்தமில்லாத ஃபான் கேட்டால் 230 வோல்ட் உலோகச் சட்ட ஃபானை எடுத்து நீட்டுகிறார்கள். கடையின் இரைச்சலுக்குள் அது அமைதியாகத்தான் தெரியும். நேரே மெயின்ஸில் ஓடுவதால் வேகத்தைக் குறைப்பது சுலபமில்லை. நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேலே போகும், 100 ஹேர்ட்ஸ் ரீங்காரமும் கூடவே வரும். வெல்டிங் மெஷினுக்குச் சரி.

வேண்டியது கொம்பியூட்டருக்குப் போடும் 12 வோல்ட், 120 மில்லிமீற்றர் ஃபான். அதற்கு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாதான் தோது. பெரிய ஃபானை மெதுவாக ஓட விடுவதில்தான் காரியம். வேகம் பாதியானால் காற்று பாதி, இழுவிசை கால்வாசி, சத்தம் 15 டெசிபல் அளவு குறைவு. நொக்சுவா என்.எஃப்.-எஃப்12ஐ எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் மணிக்கு 93.4 கன மீற்றர், 22.4 டெசிபல். அது தடையே இல்லாத வெளியில் அளந்த கணக்கு. அலுமாரியில் பாதி கிடைத்தால் புண்ணியம்.

ஏப்ரல் 7

தச்சு வேலை பாஸ் வந்து வாளை எடுக்குமுன் ஓட்டைகளை முடிவு செய்ய வேணும். ஃபானை விட இதுதான் பெரிய விஷயம். நல்ல ஃபானை வாங்கிப் பூட்டிவிட்டு, காற்று உள்ளே வர வழி வைக்காமல் விட்டால், ஃபான் அதே சூட்டுக் காற்றைக் கடைந்துகொண்டு நிற்கும். மூச்சுத் திணறும் ஃபான் சத்தமும் கூட்டும்.

120 ஃபானின் இறக்கை கடக்கும் பரப்பு ஏறக்குறைய 90 சதுர செ.மீ. பூட்டப்போவது இரண்டு, அதனால் 180. உள்வரும் வழி அதற்குக் குறையவே கூடாது. பின்பலகையின் அடியில் 60 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரம் வெட்டினால் சரியாக 180 வருகிறது. நடுத்தட்டு பின்பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதையும் 4 செ.மீ. வெட்டினால்தான் கீழ்க்காற்று மேலே ஏறும்.

வெளியேறும் ஃபான்கள் பின்பலகையின் உச்சியில். ஓட்டை 115 மில்லிமீற்றர் வட்டம், திருகாணி மையங்கள் 105 மில்லிமீற்றர் சதுரம். ஸ்டிக்கர் ஒட்டி, குறுக்குக் கால்கள் தெரியும் பக்கத்தால்தான் காற்று வெளியேறும். அது சுவர்ப்பக்கம் பார்க்க வேணும். சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவில் 5 செ.மீ.யாவது விட வேணும். அதைவிட நெருக்கினால் வெளியே தள்ளிய சூடு சுவரில் முட்டி அடிவழியாகத் திரும்ப உள்ளே வரும்.

சிலர் ரிசீவரின் தலையில் ஃபானை வைத்துக் கீழ்நோக்கி ஊதவிடுகிறார்கள். சூடு தானாக மேலே போகிறது, அதைப் பிடித்து உள்ளே அமுக்குவானேன்? அங்கே வைப்பதென்றால் மேல்நோக்கி இழுக்க வேணும்.

ஏப்ரல் 9

பூட்டியாச்சு. இரும்புத் திருகாணி இல்லை, ரப்பர் ஆணி. பலகையில் நேரே முறுக்கினால் அலுமாரி முழுக்க அதிரும். இறக்கைக்கு முன்னால் கம்பி வலையை ஒட்டிப் போடவும் கூடாது. ஒரு விரற்கடை தள்ளினாலே சீழ்க்கைச் சத்தம் போய்விடும்.

மின்சாரத்துக்கு 3 முதல் 12 வோல்ட் வரை மாற்றும் அடாப்டர். பாரமான பழைய வகை வேண்டாம்: 6இல் வைத்தால், இழுக்கும் சுமை குறைவென்பதால் 8, 9 கூடத் தரும். பாரமில்லாத சுவிச்சிங் வகை 6இல் 6.3 தருகிறது, மீட்டரால் பார்த்தது. ஃபான்கள் இரண்டும் சமாந்தரமாக. தொடராகப் போட்டால் ஆளுக்குப் பாதி வோல்ட் என்பது கடதாசியில் மட்டும்தான். ஒன்று சுற்ற, மற்றது தயங்கி நிற்கலாம்.

6.3இல் பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்க்க வேணும், ஒவ்வொரு முறையும் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று. ஓடிக்கொண்டிருக்கும் ஃபான் குறைந்த வோல்ட்டிலும் ஓடும். தொடங்குவதற்குத்தான் கூட வேணும்.

36.5!

ஏப்ரல் 11

ஊ… ஊ… ஊ…

ஏப்ரல் 12

பகலில் இல்லை. காலி வீதி அடங்கிய பிறகு வருகிறது. வினாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. தனித்தனியே ஓடவிட்டால் இரண்டு ஃபானும் சுத்தம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கடைகள் பூட்டு. ஊ… ஊ…

ஏப்ரல் 17

ஃபானின் வேகம் சொல்லும் மூன்றாவது வயரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நேர்முனையோடு இணைத்து, மீட்டரை ஹேர்ட்ஸில் வைத்துப் பார்த்தது. ஒன்று 26.0, மற்றது 26.7. சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்பதால் 30ஆல் பெருக்க வேணும்: 780, 801. இறக்கை ஏழு. சுற்றை 60ஆல் பிரித்து 7ஆல் பெருக்கினால் இறக்கைகள் எழுப்பும் சத்தம் வரும்: 780இல் 91 ஹேர்ட்ஸ், 801இல் 93.5. அந்த இரண்டரை ஹேர்ட்ஸ் வித்தியாசம்தான் இரவில் ஊளையிடுகிறது. ஒரே கொம்பனி, ஒரே மொடல் வாங்கினால் இந்தத் தொல்லை கூடத்தான் வரும்.

இடது ஃபானின் நேர்வயரில் 1என்4007 டயோட் ஒன்று, வெள்ளிப் பட்டை ஃபான் பக்கம். 0.7 வோல்ட் அங்கே கழிந்துவிடும். 700 சுற்றுக்கு இறங்கியது. காற்றில் குறைந்தது சொற்பம். 36.9.

இரவு 11: சத்தமில்லை.

ஏப்ரல் 18

இல்லவே இல்லை. காதை வைத்துப் பார்த்தாச்சு.

ஏப்ரல் 20

சூட்டைப் பார்த்து ஃபானைப் போட்டு நிறுத்தும் டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் பலகை போட்டுப் பார்த்தது, அதற்கு மட்டும் தனி 12 வோல்ட் கொடுத்து. குளிர்விக்கும் பயன்முறை, 38இல் தொடக்கம், வித்தியாசம் 4. அதாவது 34இல் நிற்க வேணும். அறையே 32ஐத் தொடும் நாட்களில் 34 வரப்போவதில்லை, ஃபானும் நிற்கப்போவதில்லை. அதிலுள்ள ரிலே (மின்சாரத்தால் தட்டுப்படும் சுவிச்) வேறு டிக் என்கிறது. ஒரே சீராக ஓடும் மெல்லிய காற்றுச் சத்தத்தைக் காது மறந்துவிடும், நின்று நின்று தொடங்குவதை மறக்காது. கழற்றியாச்சு.

ரிசீவர் ஓடும்போது வேறு கருவியை ஓடவைக்கும் 12 வோல்ட் ட்ரிகர் துளையிலிருந்தும் ஃபானுக்கு எடுக்கலாம் என்பார்கள். பலவற்றில் அது 100, 150 மில்லியாம்பியரோடு சரி. ஃபானை அதில் தொங்கவிடாமல் ஒரு ரிலேயைத் தட்ட மட்டும் பயன்படுத்துவது நல்லது.

ஏப்ரல் 25

அடிவெட்டில் பல்லி. இளஞ்சூடான இடம் அதற்கு அரண்மனை. பவர் சப்ளைக்குள் போய் இரண்டு முனைகளுக்கு நடுவில் படுத்தால் அதுவும் போச்சு, ரிசீவரும் போச்சு. வலை அடிக்கத்தான் வேணும். நுளம்பு வலை காற்றைப் பாதிக்குப் பாதி மறிக்கும் என்று வைத்து, வெட்டை 6 செ.மீ. உயரமாக்க வேணும். கடற்கரைப் பக்கம் உப்போடு சேர்ந்த தூசு பிசின் மாதிரி ஒட்டும். மாதம் ஒருக்கால் வலையைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவாவிட்டால் அதுவே கதவாகிவிடும்.

ஏப்ரல் 28

மருமகன் பிளேஸ்டேஷன் 5ஐக் கொண்டுவந்து கீழ்த்தட்டில் சொருகிவிட்டான். 42. விளையாடும்போது அது 200 வாட் வரை எடுக்கும். அதற்கு மட்டுமே மணிக்கு 120 கன மீற்றர் வேணும். பின்னால் ஊதும் சூட்டை முன்னாலேயே திரும்ப இழுத்து, தன் ஃபானையும் முடுக்கும். அலுமாரிக்கு மேலே வைக்கச் சொல்லியாச்சு. முகம் ஒரு முழம்.

மே 5

இரவும் பகலும் ஓடினால் வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். ரிசீவருக்குள் இருக்கும், 105 டிகிரிக்கு 2,000 மணித்தியாலம் என்று போட்ட மின்பகு கப்பாசிட்டர் 65இல் 32,000 தாங்கும், 55இல் 64,000. பத்து டிகிரிக்கு இரட்டிப்பு என்பது தோராய விதிதான், ஆனால் அந்தப் பத்து டிகிரிக்காகத்தான் இவ்வளவும்.

கட்டிலில் இருக்கிறவ பாட்டை இன்னும் குறைக்கச் சொன்னா.

மே 19

மழை. அறை 28, உள்ளே 33.

மே 22

வலது ஃபானில் கிர்ர்ர். விரலால் சட்டத்தை அமுக்கினால் நிற்கிறது, அப்படியென்றால் பேரிங் இல்லை, வயர் எங்கேயோ உரசுகிறது. வெளிச்சம் போட்டுப் பார்க்க அலுமாரியை இழுக்க வேணும், இப்போது இழுக்க ஏலாது. பகலில்.