தர்மபுரித் தண்ணீரும் பேஸ்டில் இருக்கும் ஃப்ளூரைடும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சில ஊர்களில், சிரிப்பு வந்தால் சட்டென்று கையால் வாயை மூடிக்கொள்கிறவர்களைப் பார்க்கலாம். முன்பற்களில் குறுக்கே மஞ்சளும் பழுப்புமாகக் கோடு ஓடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்த கறை இல்லை, சின்ன வயதில் பல் ஈறுக்குள் உருவாகும்போதே பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலில் ஏறிவிட்டது. அந்தப் பாறை பூமியில் போர்வெல் தண்ணீரோடு வரும் ஃப்ளூரைடு என்ற தாதுச்சத்து செய்த வேலை. 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ், அதாவது ஃப்ளூரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடுகிற பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது.

அதனால் "பேஸ்டிலயும் அதே விஷம்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பயம் நியாயமானது, கணக்குதான் தப்பு.

இந்தக் கறைதான் ஃப்ளூரைடின் நல்ல குணத்தையே காட்டிக்கொடுத்தது என்பது வேடிக்கை. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-ல் போன ஃப்ரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அங்கே நிறைய பேருக்குப் பல் பழுப்பாக இருப்பதைப் பார்த்தார். காரணம் தேடி வருஷக்கணக்கில் அலைந்ததில், கறை பிடித்த பற்களில் சொத்தை விழுவது குறைவு என்பதும் கண்ணில் பட்டது. தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடுதான் காரணம் என்று 1931-ல் ஒரு அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் சர்ச்சில் கண்டுபிடித்தார். அப்புறம் டிரெண்ட்லி டீன் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் ஊர் ஊராக ஒப்பிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருந்தால் கறையும் பெரிதாக வராது, சொத்தையும் குறையும் என்று காட்டினார். 1945-ல் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துக் குடிநீரில் அந்த அளவுக்குக் கலந்தார்கள், அதற்குப் பிறகு அங்கே பிறந்த குழந்தைகளுக்குச் சொத்தைப் பல் பாதிக்கு மேல் குறைந்தது.

இது எப்படி நடக்கிறது? நாம் தின்கிற இனிப்பை வாயில் இருக்கும் பாக்டீரியா அமிலமாக்கும். அமில அளவைக் காட்டும் பிஎச் எண் (அது குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்ததைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். எச்சிலில் துளி ஃப்ளூரைடு இருந்தால் இந்தப் பூச்சுவேலை வேகமாக நடக்கும், புதிதாகப் படியும் அடுக்கு பிஎச் ஏறக்குறைய 4.5-க்கு இறங்கும் வரை அமிலத்தைத் தாங்கும். ஆக, முக்கியமான வேலை பல்லின் மேல்பரப்பில்தான் நடக்கிறது. ஒரு காலத்தில் விழுங்கினால்தான் பலன் என்று நம்பிக் குழந்தைகளுக்கு மாத்திரையே கொடுத்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1000 பிபிஎம் பேஸ்டில் (ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு) பட்டாணி அளவு, அதாவது கால் கிராம் எடுத்தால், அதில் இருப்பது 0.25 மில்லிகிராம் ஃப்ளூரைடு, அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கிற போர்வெல் தண்ணீரை ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம் நேராக வயிற்றுக்குள் போகிறது. இதை விட்டுவிட்டுப் பேஸ்டோடு சண்டை போடுகிறவர்களை என்ன சொல்ல!

பேஸ்ட் டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் ஃப்ளூரைடு அல்லது சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் என்று இருக்கிறதா பாருங்கள். மூலிகைப் பேஸ்டுகள் பலவற்றில் இருக்காது, கிராம்பு வாசனை மட்டும் தூக்கலாக இருக்கும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது வியாபாரத்துக்காக. 3 வயது வரை ஒரு அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு போதும், பிள்ளை விழுங்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தேய்த்து முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீரையும் காலி பண்ணிக் கொப்பளிக்காமல், துப்பிவிட்டு அப்படியே விடுவது நல்லது. நம் ஊரில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

போர்வெல் தண்ணீர் குடிக்கிற வீடு என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு முறை கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளூரைடு அடியில் அப்படியே நிற்கும். ஆர்.ஓ. ஓரளவு நன்றாகவே குறைக்கும். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் பார்க்க வேண்டியதுதான், குளிக்கத் துவைக்க அதையே வைத்துக்கொள்ளலாம்.