அச்சும் அச்சமும்: சொந்தப் பூவில் முதல் ஆத்தங்குடிக் கல்

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமென்ட் கல்தான் ஆத்தங்குடிக் கல். அதில் தன் கையால் ஒரு பூப் போட ஆசைப்படுகிறவர்கள் பலர் நோட்டில் வரைவதோடு நின்றுவிடுகிறார்கள். சோம்பல் இல்லை, பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. வாசலில் கோலம் பிசகினால் புறங்கையால் தேய்த்துவிட்டு மறுபடி இழுக்கலாம். இங்கே சாயத்தைக் கண்ணாடிமேல் ஊற்றுகிறோம். கல்லின் முகம் கீழே கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும், நம் கண்ணில் படுவது முதுகு மட்டும்தான். பூ எப்படி வந்தது என்று தெரிய நாலைந்து நாள் ஆகும்.

பட்டறைகளில் இதற்குத்தான் தகரத் தடுப்பு வைத்த அச்சு. இதழுக்கு ஒரு அறை, இலைக்கு ஒரு அறை, அதனதன் சாயம் அதனதன் அறையில். அச்சு இருக்கும்வரை கைக்குத் தைரியம் தேவையில்லை. அதை ஓரமாக வைத்த பிறகுதான் வயிறு கலங்குகிறது.

முதலில் பயத்தை அளந்துவிடுங்கள். பத்துக்குப் பத்து அடி அறைக்கு எட்டங்குலக் கல் 225 வேண்டும். அந்த 225ஐ நினைத்துக்கொண்டு ஒரு கல்லை ஊற்ற யாராலும் முடியாது. ஆனால் ஒரு கல்லுக்குச் சாயக்கலவை ஏறக்குறைய 150 மில்லிதான், ஒரு டம்ளர் காபி அளவு. பாழானால் பாழாவது அவ்வளவுதான்.

அடுத்து, மனசுக்குப் பிடிபடாத ஒரு விஷயம்: இங்கே எல்லாமே தலைகீழ். காகிதத்தில் வலது பக்கம் பார்க்கும் மயில் கல்லில் இடது பக்கம் பார்க்கும். அதனால் வரைந்த தாளைக் கவிழ்த்து, முதுகுப்பக்கம் தெரியும் கோட்டைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். வரிசையும் தலைகீழ்தான். முதலில் விழும் சாயமே மேலே தெரியும். எனவே பூவின் நடுப்பொட்டு முதலில், பிறகு இதழ், கடைசியில் தரை நிறம். நம் ஊர் வீடுகளில் மாட்டியிருக்கும் கண்ணாடி ஓவியங்களும் இப்படித்தான்: சாமியின் கண்மணியை வைத்த பிறகே முகத்துக்கு நிறம் பூசுவார்கள். பழக்கமில்லாதவர்கள் தரை நிறத்தை முதலில் ஊற்றிவிட்டு அதன்மேல் பூவை அழகாகப் போடுவார்கள். கண்ணாடியை எடுத்தால் வெறும் தரை நிறம்தான் இருக்கும்.

சாயத்தில் துணிச்சல் காட்ட வேண்டாம். தராசில் நிறுத்துப் போடுங்கள். அரைக் கிலோ வெள்ளை சிமென்ட், அதே அளவு சலித்த மார்பிள் தூள், நிறத்துக்கு 25 முதல் 40 கிராம் வரை ஆக்சைடு தூள். ஆக்சைடு சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறம் அதிகம் கூடாது, கல்லின் பலம்தான் குறையும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள் நம்பகமானவை. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. நீலத்தில்தான் ஏமாறுவார்கள்: துணிக்குப் போடுகிற மாதிரி அல்ட்ராமரைன் நீலம் சிமென்ட்டின் காரத்தில் வெளுத்துப்போகும், கோபால்ட் நீலம் நிற்கும். கரண்டிக் கணக்கில் போட்டால் இரண்டாவது கல் முதல் கல்லோடு சேராது.

பதம் தோசை மாவு. நீர்த்துப்போனால் ஒரு சாயம் மற்றதுக்குள் ஓடும், கெட்டியானால் காற்றுக் குமிழ் சிக்கி முகத்தில் ஊசித்துளை விழும். காலை வெயில் ஏறுவதற்குள் ஊற்றுங்கள். கலக்கிய சாயத்தை அரை மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். இறுகிய சாயத்தில் தண்ணீர் விட்டு இளக்கினால் நிறமும் வெளிறும், வலுவும் போகும்.

கண்ணாடியை நன்றாகத் துடைத்துச் சட்டத்தை வையுங்கள். கண்ணாடியில் கீறல் இருந்தால் கல்லிலும் இருக்கும். குறுகிய மூக்குள்ள கிண்டியோ சிறு கரண்டியோ போதும். கண்ணாடிக்கு ஒரு விரல்கடை உயரத்திலிருந்து ஒரே இழுப்பில் ஊற்ற வேண்டும். பயம் வேலையைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். தயங்கி நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் சாயம் தேங்கிக் குண்டாகும், கோடு முடிச்சு முடிச்சாக வரும். வேகமாக இழுத்த கோணல் கோடு பார்வைக்குக் கொடிபோல இருக்கும், நடுங்கிய நேர்க்கோடு நடுக்கமாகவே தெரியும். ஆகவே கண்ணாடியில் தொடங்குமுன் வெறும் தண்ணீரைத் தரையில் ஊற்றி அதே இழுப்பைப் பத்துத் தடவை பழகுங்கள். ஊற்றிய பிறகு குச்சியால் திருத்தப் போகாதீர்கள். மேலே தெரிவது முதுகு, திருத்துவதெல்லாம் முகத்தைக் கலக்குவதில்தான் முடியும்.

சாயத்தின்மேல் உலர்ந்த சிமென்ட்-மணல் தூளைச் சல்லடையால் தூவ வேண்டும், சாயத்தின் ஈரத்தை அது உறிஞ்சும். கையால் அள்ளிப் போட்டால் குழி விழுந்து பூ சிதறும். தூள் குறைந்தால் அடுத்த அடுக்கின் தண்ணீர் சாயத்துக்குள் இறங்கிவிடும். அதன்மேல் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த ஈரக்கலவை. சட்டம் நிறைய அழுத்தி, கரணையால் மட்டம் தட்டுங்கள். ஈரம் காயுமுன் முதுகில் ஆணியால் தேதியும் சாய எடையும் கீறி வையுங்கள். தாளில் எழுதினால் தொலைந்துவிடும்.

ஒரு நாள் நிழலில், பிறகு இரண்டு மூன்று நாள் தொட்டித் தண்ணீரில். உப்புத் தண்ணீர் வேண்டாம், கல்லில் வெள்ளை பூக்கும். ஆசை தாங்காமல் அடுத்த நாளே கண்ணாடியைப் பெயர்த்தால் முகத்தின் தோல் கண்ணாடியோடு வந்துவிடும். நன்றாக நனைந்த கல்லில் கண்ணாடியை லேசாகப் பக்கவாட்டில் நகர்த்தினாலே விட்டுக்கொடுக்கும். அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் எதுவும் இல்லை.

ஒரு கல்லை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதே பூவில் நான்கு போட்டு, மூலைக்கு மூலை சேர்த்துத் தரையில் வைத்துப் பாருங்கள். தனியாக அழகாக இருந்த பூ நாலு சேர்ந்ததும் நெரிசலாகத் தெரியலாம், கோணலாகத் தோன்றிய இலை பக்கத்துக் கல்லோடு கொடியாக ஓடலாம். முதல் கல் கண்றாவியாக வந்திருந்தாலும் உடைக்காதீர்கள். பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் பதித்துவிட்டால், வெயிலும் சோப்புத் தண்ணீரும் எந்தச் சாயத்தைத் தின்கிறது என்று ஒரு மழைக்காலத்துக்குள் தெரிந்துவிடும்.