பத்து ராகம், பிசகாத தாளம்

பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' 1982-இல் பதிவாகி, அடுத்த ஆண்டு எச்.எம்.வி. இசைத்தட்டாக வந்தது. அப்போது விற்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபின்தான், 1987-இல் சிகாகோவிலிருந்து வந்த 'ஆசிட் டிராக்ஸ்' என்ற மின்னிசை நடனப் பாட்டின் ஒலியை பம்பாயில் ஒருவர் முன்னாலேயே பிடித்துவிட்டார் என்று உலகம் வியந்தது. ரோலண்டின் டி.ஆர்-808 தாளப்பெட்டி, டி.பி-303 பேஸ் பெட்டி, ஜூபிடர்-8 சிந்தசைசர். கருவி அவ்வளவுதான்.

இந்தத் தட்டில் ஒரு வம்பு உண்டு. மிருதங்கக்காரர் இழையளவு முன்பின் போனால் காது பொறுத்துக்கொள்ளும். 808 பிசகவே பிசகாது. ஆகவே ஸ்வரமோ தாளமோ ஆடினால், பழி ரெக்கார்டு பிளேயர் மேல், இல்லையென்றால் தட்டின் துளை மேல்.

முதலில் வேகம். பிளேயர் மேல் வைத்துச் சுழலவிடும் ஸ்ட்ரோப் அட்டையில், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குமான வட்டத்தில் 180 கோடுகள் இருக்கும். அவை நின்றாற்போல் தெரிய வேண்டும். எல்.இ.டி. விளக்கில் பார்த்தால் பெரும்பாலும் கோடே தெரியாது, மழுங்கிப்போகும். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், அதன் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ராயபுரத்துப் பழைய வீடுகளில் மாடிப்படியிலாவது ஒன்று மிச்சமிருக்கும். கோடுகள் சுழலுக்கு எதிராக நகர்ந்தால் வேகம் குறைவு, பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். வேகம் 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரை ஸ்வரம் இறங்கிவிடும்.

வேகம் சரியாக இருந்தும் 1.8 நொடிக்கு ஒருமுறை ஸ்வரம் அலைந்தால் துளை நடுவில் இல்லை. 1 மி.மீ. விலகல், ஓரத்தில் சுமார் 12 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). லேபிளுக்கு அருகே 29 சென்ட். அதனால்தான் முதல் ராகம் ஒழுங்காகக் கேட்கும், கடைசியில் வரும் பைராகி தள்ளாடும். ஜூபிடரின் நீண்ட ஸ்வரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். 303 ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கும் இடத்தில் மறைந்துகொள்ளும்.

அடுத்தது அதிர்வு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனால் மாடி வீட்டுத் தரை முனகும். ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேஜையில் இருந்தால் 808-இன் அடி ஊசிக்கே திரும்பிவந்து ஊளையிடும். ஸ்பீக்கரைத் தனியாக வையுங்கள். பிளேயருக்குக் கீழே ஒரு கடப்பா கல், கல்லுக்குக் கீழே நான்கு ரப்பர் துண்டு. கல்லை மட்டும் வைத்தால் பயனில்லை, அது அதிர்வை அப்படியே கடத்தும். ஊசி தட்டை அழுத்தும் எடை, கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி) செய்தவர் சொன்ன அளவில், பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம். தாவுகிறது என்று 5 ரூபாய் நாணயத்தை மேலே ஒட்டுவது தட்டைக் கொல்லும் வேலை.

காசிமேட்டு உப்புக் காற்று தட்டை ஒன்றும் செய்யாது. கார்ட்ரிட்ஜ் பின்னைத்தான் கடிக்கும். ஒரு பக்க ஸ்பீக்கரில் ஒலி செத்துப்போனால் முதலில் அங்கே பாருங்கள். தட்டில் பூஞ்சை இருந்தால் 800 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர் (பேட்டரி கடையில் கிடைப்பது), 200 மி.லி. ஐசோப்ரொபைல் ஆல்கஹால். பள்ளத்தின் வழியே துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, லேபிள் நனையாமல் நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டில் இந்தக் கலவை படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

இப்போது கேளுங்கள். தட்டிலுள்ள ஹிந்துஸ்தானி ராகங்களில் பூபாலி நம் கர்நாடக மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. தோடி என்ற பெயரைப் பார்த்து நம் தோடியைத் தேடினால் ஏமாற்றம்தான், அது சுபபந்துவராளி. நம் தோடியின் ஸ்வரங்கள் ஹிந்துஸ்தானி பைரவியில் இருக்கின்றன.