ஜஸ்டினியன் காசு அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பைசாந்தியக் காசு, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின் காசு, ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் பேரரசரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் விளிம்பைப் பார்ப்பேன். போலி செய்கிறவன் தன் உழைப்பை எல்லாம் முகத்தில் கொட்டியிருப்பான், விளிம்புக்கு வரும்போது அவசரப்பட்டிருப்பான். இந்தக் காசுகள் இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தவை. அடி விழும்போது உலோகம் வெளிப்பக்கமாக ஓடும், அதனால் விளிம்பில் சின்னச் சின்ன வெடிப்புகள் வரும், நன்றாக இருக்கும் காசில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளை ஒட்டி வெளிநோக்கி ஓடும் மெல்லிய கோடுகளும் தெரியும். வார்த்தெடுத்த போலியில் இவை இருக்காது. எழுத்துகள் மெழுகு உருகியதுபோல் மழுங்கியிருக்கும், பரப்பில் குட்டிக் குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இரு பாதிகளும் சேர்ந்த தழும்போ அதை மறைக்க அரம் போட்ட தடமோ இருக்கும்.

அப்புறம் காசு தானே தன்னைப் பற்றிச் சொல்வதைப் படிக்க வேண்டும். 6-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் முதலாம் ஜஸ்டினியனின் பெரிய செப்புக் காசை, அதாவது ஃபோலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் நடுவில் பெரிய எம். அது கிரேக்க எண் 40, காசின் மதிப்பு 40 நும்மி (நும்மி என்பது மிகச் சின்னச் செப்புக் காசு). இடப்பக்கம் ‘அன்னோ’ (லத்தீனில் ‘ஆண்டில்’), வலப்பக்கம் ஆட்சியாண்டு, எம்மின் கால்களுக்கு நடுவே காசடித்த பட்டறையின் எழுத்து, அடியில் நகரத்தின் பெயர்ச் சுருக்கம். தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளில் செப்புக் காசுக்கு ஐந்து பட்டறைகள், ஆல்ஃபாவிலிருந்து எப்சிலான் வரை. ஆட்சியாண்டு போடும் வழக்கமும், பேரரசர் நம்மை நேராகப் பார்க்கும் உருவமும் அங்கே 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 538-39-இல் தொடங்கியவை. அதற்கு முன் அவர் பக்கவாட்டில்தான் பார்த்தார். ஆகவே நேர்முகத்தோடு 8-ஆம் ஆண்டு என்று போட்ட கான்ஸ்டாண்டினோபிள் காசு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 12-ஆம் ஆண்டுக் காசு என்றால் எடை 20 கிராமைத் தாண்ட வேண்டும், விட்டம் 40 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். கையில் வைத்தாலே கனம் தெரியும்.

அலங்கோலமாக இருப்பதால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு 7-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்து ஃபோலிஸ்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. பாரசீகப் போரில் கஜானா காலியானபோது பழைய காசுகளின் மேலேயே புது அச்சை அடித்துவிட்டார்கள். ஹெராக்ளியஸின் தாடிக்கு அடியில் முந்தைய பேரரசரின் பெயரில் இரண்டு எழுத்து தலைகீழாக எட்டிப் பார்க்கும், விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். இந்தக் குழப்பத்தை நம்பும்படி செய்துகாட்டுவது கஷ்டம். எழுத்தெல்லாம் முழுசாக, உருவம் மிகச் சரியாக நடுவில் உட்கார்ந்த செப்புக் காசு மலிவாகக் கிடைக்கிறது என்றால்தான் எனக்கு உறுத்தும்.

தங்கம் வேறு கதை. சாலிடஸ் என்ற பொற்காசு ஒரு ரோமானிய ராத்தலுக்கு 72 வீதம் அடித்தது, ஒன்று ஏறக்குறைய 4.5 கிராம். குறைந்தால் உடனே போலி என்று சொல்ல முடியாது: ஓரம் வெட்டியிருக்கலாம், அல்லது முழு எடையான 24 சிலிக்குவாவுக்குப் பதில் (சிலிக்குவா ஒரு சிறு எடை அளவு) 20 சிலிக்குவா எடையில் வேண்டுமென்றே அடித்ததாக இருக்கலாம், அப்படியானால் அதற்கான குறி பெரும்பாலும் காசிலேயே இருக்கும். சுண்டிப் பார்க்கும் பழக்கம் ரொம்பப் பழையது. 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்டஸ் என்ற பயணி எழுதியிருக்கிறார்: இலங்கை மன்னர் முன்னால் பாரசீகனும் சோபட்ரோஸ் என்ற ரோமானிய வணிகரும் யாருடைய அரசர் பெரியவர் என்று வாதாடியபோது, சோபட்ரோஸ் இரண்டு நாட்டுக் காசுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாராம், நல்ல ஓசையும் பளபளப்பும் உள்ள பைசாந்தியப் பொற்காசு வென்றது. ஆனால் உள்ளே விரிசல் விட்ட அசல் காசும் சத்தமில்லாமல் கிடக்கும், அதனால் ஓசையை மட்டும் நம்பாதீர்கள். தயவுசெய்து உரைகல்லிலும் தேய்க்காதீர்கள், காசு கெட்டுப்போகும். தண்ணீரில் நிறுத்து அடர்த்தி பார்த்தால் ஜஸ்டினியன் காலத் தங்கம் கன சென்டிமீட்டருக்கு 19 கிராமை ஒட்டி வரும். 11-ஆம் நூற்றாண்டுக் காசுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அப்போது தங்கத்தின் மாற்றை அரசே குறைத்துக்கொண்டு போனது. இன்றைய கெட்டிக்காரப் போலிக்காரனோ நல்ல தங்கத்தையே போடுகிறான்.

அவனைப் பிடிக்க நல்ல வழி இரட்டைகளைத் தேடுவது. அசல் காசு ஒன்றிலிருந்து அச்சு எடுத்தால் அந்தக் காசின் கீறலும் பள்ளமும் அச்சிலேயே பதிந்துவிடும், பிறகு அடிக்கும் ஒவ்வொன்றிலும் அதே கன்னத்தில் அதே வடு வரும். ஒரே அச்சில் பிறந்த இரண்டு அசல்களுக்குச் செதுக்கல் ஒன்றாக இருக்கும், ஆனால் புழக்கத்தில் வாங்கிய அடி ஒன்றாக இருக்கவே முடியாது. அதனால் வாங்குவதற்கு முன் பழைய ஏலப் படங்களில் இதே காசைத் தேடுங்கள். செம்பு என்றால் களிம்பைப் பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், ஒட்டவைத்த மண்ணும் சாயமும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். விற்பவரிடம் விளிம்பின் படத்தையும் எடையையும் கேளுங்கள், சாக்குப்போக்கு சொன்னால் வாங்க வேண்டாம்.